கையால் செய்த மரவில்லின் வேகத்தைக் கூட்டுவது எப்படி: முதல் வில்லை முடித்தவர்களுக்கான வழிகாட்டி

முதல் மரவில் பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் மந்தமாக இருக்கும். நாணை இழுத்தால் தராசில் 40 பவுண்டு காட்டும், அம்பு மட்டும் பாதி வழியிலேயே தொய்ந்து இறங்கும். உடனே வருகிற யோசனை, "அடுத்ததை இன்னும் தடியாகச் செய்வோம்" என்பது. அந்தப் பக்கம் போகாதீர்கள். தடித்த வில் இழுக்கத்தான் கஷ்டமாகும், வேகம் பெரிதாகக் கூடாது. மந்தத்துக்கு வழக்கமான காரணங்கள் மூன்று: மரத்தில் தங்கிய ஈரம், நசுங்கிப்போன வயிற்றுப்பக்கம், கனமான நுனி. கையில் இருக்கிற வில்லிலேயே இவற்றைப் பெருமளவு சரிசெய்ய முடியும்.

இந்தக் கட்டுரையில் வில்வீரரைப் பார்க்கும் பக்கம் வயிறு, குறியைப் பார்க்கும் பக்கம் முதுகு. கைப்பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதிகள் தண்டுகள். நாணைக் கழற்றிய பிறகும் நிமிராமல் நிற்கும் வளைவு கூன். உதாரணங்கள் எல்லாம் 66 அங்குல நீளம், 45 மி.மீ. அகலம் கொண்ட தட்டை வில்லுக்கு, 40 பவுண்டு இலக்குக்கு. சடச்சி, ஆஷ், ஹிக்கரி போன்ற நார்ப்பிடிப்புள்ள மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் ஐந்து, ஆறு வாரம் ஆகும். அதில் நீங்கள் கைவைக்கிற வேலை மூன்று நாளைக்கு மேல் இருக்காது, மிச்சமெல்லாம் மரம் உலரவும் ஆறவும். மரத்தைத் தவிர்த்து 3,000 முதல் 5,000 ரூபாய் வரை ஒதுக்குங்கள். ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) இரவல் கிடைத்தால் பாதியில் முடியும்.

1. கத்தியை எடுக்கும் முன் அளந்து எழுதுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். பிற்பாடு எதனால் வேகம் கூடியது, எதனால் கெட்டது என்று சொல்லப்போவது அது ஒன்றுதான். தேவையான கருவிகள்: பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் தொங்கு தராசு, ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, வெர்னியர், டேப்.

முதலில் நாண் இல்லாமல் வில்லின் எடையை கிராமில் எழுதுங்கள். பிறகு முதுகுப் பக்கத்தைச் சுவரோரமாக வைத்துக் கூனை அளக்கவும். நாண் கழற்றிய உடனே ஒரு அளவு, ஒரு மணி நேரம் கழித்து ஒரு அளவு. ஒரு அங்குலத்துக்குள் இருந்தால் அருமையான வில். இரண்டு வரை பரவாயில்லை. அதற்கு மேல் போனால் மரம் நசுங்கியிருக்கிறது.

அடுத்தது இழுவிசை. கைப்பிடியின் உள்பக்கத்திலிருந்து நாண் வரை அளந்து, 4 அங்குலத்துக்கு ஒரு தடவை பவுண்டைக் குறியுங்கள். 26 அங்குலத்தில் நிறுத்துங்கள். வில்வித்தைக் கடையில் 28 அங்குலம் என்று சொல்வது ஏறத்தாழ இதே இழுப்புதான், அவர்கள் கணக்கில் 1¾ அங்குலம் கூட்டுவார்கள். உதாரணத்துக்கு ஒரு வில் இப்படிக் காட்டுகிறது: 6 அங்குலத்தில் 0, 10-ல் 10, 14-ல் 18, 18-ல் 26, 22-ல் 33, 26-ல் 40. நடுவில் உள்ள நான்கு எண்களைக் கூட்டி, கடைசி எண்ணில் பாதியைச் சேர்த்தால் 107. அதை 4 ஆல் பெருக்கினால் 428. அதை 0.113 ஆல் பெருக்கினால் 48 ஜூல். இவ்வளவு சக்தியை வில் சேமிக்கிறது.

கடைசி அங்குலங்களில் எண் திடீரென்று ஏறினால், அதாவது அங்குலத்துக்கு 2 பவுண்டு ஏறிக்கொண்டிருந்தது 4 ஆனால், உங்கள் இழுப்புக்கு வில் குட்டை. அல்லது தண்டின் வெளிப்பாதி மட்டும் அதிகமாக வளைந்து, நுனியில் நாணின் கோணம் செங்கோணத்தைத் தாண்டுகிறது.

வேகத்தை அளக்க விலை கூடிய மீட்டர் வேண்டாம். கைப்பேசியின் ஒலிப்பதிவு போதும். குறியை 18 மீட்டரில் வையுங்கள். கைப்பேசியை உங்களுக்கும் குறிக்கும் சரிபாதித் தூரத்தில், அம்பின் பாதையை விட்டு நன்றாகப் பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். நாண் அடிக்கும் சத்தமும் அம்பு தைக்கும் சத்தமும் ஒரே தூரம் பயணித்து அதை அடைவதால், ஒலியின் வேகத்துக்குத் தனிக் கணக்கு தேவையில்லை. பதிவை அடாசிட்டி போன்ற மென்பொருளில் திறந்தால் இரண்டு முகடுகள் தெரியும், அவற்றின் இடைவெளியைப் படியுங்கள். ஒரு சின்ன திருத்தம் உண்டு: அம்பு நாணை விட்டுப் பிரியும்போதே அதன் முனை கைப்பிடிக்கு இரண்டு அடி முன்னால் இருக்கும். அந்த 60 செ.மீ.யைக் கழித்து 17.4 மீட்டர் என்று எடுங்கள். இடைவெளி 0.37 விநாடி வந்தால் வேகம் விநாடிக்கு 47 மீட்டர். பத்து அம்பு எய்து சராசரி எடுங்கள், ஒன்றை மட்டும் நம்பாதீர்கள்.

26 கிராம் அம்பு 47 மீட்டர் வேகத்தில் போனால் அதில் இருப்பது 29 ஜூல். சேமித்தது 48. அதாவது 60 சதவீதம் அம்புக்குப் போயிருக்கிறது. நேரான மரவில்லுக்கு இது நல்ல கணக்கு. உங்களுக்கு 45 சதவீதம் வந்தால் மிச்சம் நுனியை ஆட்டுவதிலும் நாணிலும் நசுங்கிய மரத்திலும் வீணாகிறது.

2. உலர்த்துங்கள், அதுவும் பெட்டிக்குள்

சென்னை, நாகை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் மாதிரி கடலோர ஊர்க்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். வில்லுக்கு மரத்தின் ஈரம் 8 முதல் 10 சதவீதம் இருக்க வேண்டும். ஹிக்கரியும் மூங்கிலும் அதற்கும் கொஞ்சம் கீழே இருந்தால் இன்னும் நல்லது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் உள்ள ஊரில் மரத்தை இரண்டு வருடம் பரணில் போட்டு வைத்தாலும் அது 14 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. "நன்றாகக் காய்ந்த மரம்" என்று மரவாடிக்காரர் சொல்வது கதவுக்கும் ஜன்னலுக்கும் சரி. அந்த ஈரத்தில் வளைத்தால் வில் உடையாது, கூன் விழும். ஒருமுறை நசுங்கிய நார் பிறகு எவ்வளவு காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது.

6 அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத்தில் பிளைவுட் பெட்டி செய்யுங்கள். அடியில் இரண்டு 60 வாட் குண்டு பல்புகள், இரு முனைகளிலும் காற்று போகத் துளைகள், உள்ளே ஒரு வெப்பமானி. எல்.இ.டி. பல்பு உதவாது, சூடு வராது. பல்புக்கும் மரத்துக்கும் இடையே குறைந்தது 15 செ.மீ. விடுங்கள். ஆள் இல்லாதபோது அணைத்துவிடுங்கள். உள்ளே 40 டிகிரி இருந்தால் போதும். வெளியே 30 டிகிரியில் 75 சதவீத ஈரத்துடன் இருக்கும் காற்று, 40 டிகிரிக்குச் சூடானதும் 43 சதவீதமாகிவிடும். அந்தக் காற்றில் மரம் தானாகவே 8 சதவீதத்தை நோக்கி இறங்கும். 60 டிகிரிக்கு ஏற்றி அவசரப்படுத்தினால் முனைகளில் வெடிப்பு விழும்.

பெட்டியில் வைக்கும் முன் பழைய வார்னிஷைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் வெளியே வராது. இரண்டு நாளைக்கு ஒரு தடவை எடை பாருங்கள். 600 கிராம் வில் 30 கிராம் வரை இழக்கலாம். தொடர்ந்து மூன்று தடவை ஒரே எடை காட்டினால் உலர்ந்துவிட்டது. ஊசி குத்திப் பார்க்கும் ஈரமானி மரத்துக்கு மரம் மாறிக் காட்டும், தராசை நம்புங்கள். சாதாரணமாக இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும்.

ஓர் எச்சரிக்கை. 6 சதவீதத்துக்குக் கீழே போன மரம் முதுகில் பட்டென்று அறும். பெட்டியிலிருந்து எடுத்ததும் எய்யாதீர்கள், ஒரு நாள் வெளியே கிடக்கட்டும்.

3. கூன் எங்கே விழுந்திருக்கிறது?

நாணில்லாத வில்லின் வயிற்றுப்பக்கத்தில் 15 செ.மீ. நீளமுள்ள நேரான மரத்துண்டை வைத்து, கைப்பிடியிலிருந்து நுனி வரை நகர்த்துங்கள். நடுவில் தெரியும் இடைவெளி எங்கே பெரிதாகிறதோ அங்கேதான் மரம் அடிவாங்கியிருக்கிறது. பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடியை ஒட்டிக் கூன் என்றால் அந்த இடம் தேவைக்கு மேல் வளைகிறது. புதியவர்கள் செய்த வில்லில் பத்துக்கு ஆறு இப்படித்தான் இருக்கும் என்று தாராளமாகச் சொல்லலாம். தண்டின் நடுவில் ஒரே இடத்தில் என்றால் அங்கே அதிகம் சீவியிருக்கிறீர்கள். தண்டு முழுக்கச் சீராகக் கூன் என்றால் மரம் ஈரமாக இருந்திருக்கிறது, இல்லாவிட்டால் இந்த இழுவிசைக்கு அகலம் போதவில்லை.

தடித்த இடம் குறைவாக வளைய வேண்டும், மெலிந்த இடம் அதிகம் வளையலாம். அகலம் ஒரே சீராக வந்து, நுனியை நோக்கித் தடிமன் குறைகிற தண்டு என்றால் கைப்பிடிப் பக்கம் விறைப்பாகவும் வெளிப்பாதி கூடுதலாகவும் வளைய வேண்டும். தடிமன் ஒரே சீராக இருந்து அகலம் முக்கோணமாகக் குறைகிற தண்டு வட்டத்தின் துண்டு போல வளைய வேண்டும். கண்ட படத்தைப் பார்த்து "இந்த வளைவுதான் சரி" என்று எல்லா வில்லையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பதில்தான் பாதி மரம் வீணாகிறது.

வயிற்றில் குறுக்கே மயிரிழை போல மடிப்புக் கோடுகள் தெரிகிறதா என்றும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விரல்நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். ஒன்றிரண்டு மங்கலாக இருந்தால் அந்த இடத்தைத் தொடாமல் இரு பக்கமும் சீவி வளைவைப் பகிர்ந்துவிடலாம். வரிசையாக இருந்தால் அந்த வில்லுக்கு மேற்கொண்டு செலவு செய்ய வேண்டாம். முதுகில் சிலாம்பு எழும்பியிருந்தால், பசை வைத்து நூல் சுற்றி ஒப்பேற்றி, சொந்தக்காரர் பையனுக்குக்கூட அதைக் கொடுக்காதீர்கள்.

4. நுனியை இளைக்கவும்

செலவே இல்லாமல் அதிகப் பலன் தருவது இதுதான். வில் விடுபடும்போது மிக வேகமாக ஓடுவது நுனி, கைப்பிடி அசைவதே இல்லை. கைப்பிடியில் 50 கிராம் கூடினாலும் அம்புக்குத் தெரியாது, நுனியில் 5 கிராம் கூடினால் தெரியும்.

கடைசி 15 செ.மீ.யில் அகலத்தைப் பாருங்கள். 25 மி.மீ.யில் தொடங்கி 18-ல் முடிகிறதா? அதை 16-ல் தொடங்கி 10-ல் முடியுமாறு பக்கவாட்டில் சீவுங்கள். 12 மி.மீ. தடிமனில் இதனால் ஒரு நுனிக்கு 11 கிராம் போல இறங்கும். அம்பே 26 கிராம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தடிமனை மட்டும் தொடாதீர்கள். தடிமன் 10 சதவீதம் குறைந்தால் விறைப்பு 27 சதவீதம் போய்விடும், அகலம் 10 சதவீதம் குறைந்தால் 10 சதவீதம்தான் போகும். நுனி குறுகலாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும்.

சீவும்போது இரு பக்கமும் சமமாக எடுக்கவும். கைப்பிடியின் நடுக்கோட்டிலிருந்து நுனிவரை நூல் பிடித்து, நூலுக்கு இருபுறமும் அளந்துகொண்டே போங்கள். ஒரு பக்கம் கூடுதலாகப் போனால் தண்டு முறுக்கிக்கொள்ளும்.

நாண் காடியை, அதாவது நாண் மாட்டும் பள்ளத்தை, பக்கவாட்டில் ஆழமாக வெட்டினால் 10 மி.மீ. நுனி தாங்காது. அதனால் நுனியின் முதுகில் 30 மி.மீ. நீளம், 5 மி.மீ. உயரத்தில் கெட்டியான மரத்துண்டு ஒன்றை எபாக்சியால் ஒட்டி, காடியைப் பெரும்பாலும் அந்தத் துண்டிலேயே 45 டிகிரிச் சாய்வில் உருண்டை அரத்தால் இழைக்கவும். ஒட்டும் பரப்பில் கை படக்கூடாது, புதிதாக உப்புத்தாள் போட்டுத் துடைத்த உடனே ஒட்டவும். மெதுவாக இறுகும் எபாக்சியே நல்லது, ஐந்து நிமிட வகை அதிர்ச்சியில் பெயர்ந்துவிடும். இதையும் காடி இழைப்பதையும் அடுத்த படியான சூடேற்றல் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், சூடு பசையை இளக்கிவிடும்.

5. வயிற்றைச் சூட்டில் இறுக்குதல்

இதை நன்றாகச் செய்தால் 5 முதல் 10 பவுண்டு வரை கூடும், கூனும் நிமிரும். ஆனால் ஃபெவிகால் போட்டுத் துணியோ மூங்கில் பட்டையோ ஒட்டிய வில்லில் செய்யக்கூடாது. ஈர மரத்திலும் கூடாது, உள்ளே நீராவி உண்டாகி மரம் வெடிக்கும். இரண்டாம் படியை முடித்தவர்கள் மட்டும் இங்கே வாருங்கள்.

ஒரு 2 அங்குலப் பலகையின் விளிம்பை, நடுவிலிருந்து இரு முனைகளுக்கும் ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் கீழிறங்குமாறு வளைவாக அறுத்துக்கொள்ளுங்கள். வில்லின் முதுகு பலகையைத் தொட, வயிறு மேலே பார்க்க, நுனிகள் அம்பு போகும் திசைக்கு வளையுமாறு கிளாம்ப் போடவும். முதுகுக்கும் பலகைக்கும் நடுவே சூடு புகாதபடி ஈரமில்லாத அட்டை வையுங்கள்.

ஹீட் கன்னை வயிற்றுக்கு 4 அங்குலம் மேலே பிடித்து, 10 செ.மீ. நீளத்தை நான்கைந்து நிமிடம் சூடாக்குங்கள். நிறம் தேன்பழுப்பாகி, பிறகு சாக்லேட் நிறத்துக்கு வர வேண்டும். இரண்டே நிமிடத்தில் நிறம் மாறினால் கன் ரொம்பக் கிட்ட இருக்கிறது: மேல்தோல் கருகியிருக்கும், உள்ளே சூடு போயிருக்காது. கைப்பிடிக்குப் பக்கத்தில் தொடங்கி நுனியை நோக்கிப் போங்கள், முந்தின பகுதியின் கடைசி 3 செ.மீ.யோடு சேர்த்துக்கொண்டே. பக்கவாட்டுச் சுவரில் பாதி உயரம் வரை நிறம் இறங்கலாம். முதுகைத் தொட்டுவிட்டால் உடனே நிறுத்தவும், சூடுபட்ட முதுகு நொறுங்கும். இரண்டு தண்டுக்கும் சேர்த்து ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். இரண்டுக்கும் ஒரே நிமிடக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒன்று விறைத்து ஒன்று தளரும்.

கிளாம்பைக் கழற்றாமல் இரவு முழுக்க ஆறவிடுங்கள். கழற்றிய பிறகு ஒரு வாரம் திறந்த அறையில் கிடக்கட்டும். சூடேறிய மரம் எலும்பு போல உலர்ந்திருக்கும், காற்றிலிருந்து கொஞ்சம் ஈரத்தைத் திரும்ப வாங்கினால்தான் வளையும். பொறுமையில்லாமல் மறுநாளே நாண் ஏற்றி உடைத்த வில்கள் ஏராளம்.

6. மறுபடியும் சமன்படுத்துதல்

சுவரில் ஒரு தாங்கியும் தரையோரம் ஒரு கப்பியும் போட்டு, வில்லைத் தாங்கியில் வைத்து, தள்ளி நின்று கயிற்றால் இழுத்துப் பாருங்கள். வில்லுக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். முதலில் 3 அங்குல நாண் உயரம் (கைப்பிடிக்கும் இழுக்காத நாணுக்கும் உள்ள இடைவெளி), இரண்டு தண்டும் சமமானதும் 6 அங்குலம்.

40 பவுண்டு இலக்கு என்றால், எந்த நீளத்தில் இருந்தாலும் 40-ஐத் தாண்டி இழுக்காதீர்கள். 20 அங்குலத்திலேயே 40 வந்துவிட்டால் நிறுத்தி, சீவி, மறுபடி இழுங்கள். ஒவ்வொரு தடவை சீவிய பிறகும் 20, 30 முறை மெதுவாக இழுத்து விட்டால்தான் மரம் மாற்றத்தைக் காட்டும். அதற்குள் "இன்னும் வளையவில்லையே" என்று மேலும் சீவினால் பத்து நிமிடத்தில் 5 பவுண்டு காணாமல் போகும். இந்தக் கட்டத்தில் கரட்டு அரம் வேண்டாம். ஸ்கிரேப்பர் அல்லது உடைந்த ஹாக்ஸா பிளேடின் முதுகு போதும்.

கூன் விழுவதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே பிடிக்க ஒரு வழி இருக்கிறது. 18 அங்குலத்தில் பவுண்டைக் குறியுங்கள். 20 வரை இழுத்து விடுங்கள். திரும்பவும் 18-ல் அளந்து பாருங்கள். அதே எண் வந்தால் மேலே போகலாம். ஒரு பவுண்டு குறைந்தால் இப்போதுதான் மரம் எங்கோ நசுங்கத் தொடங்கியிருக்கிறது. அதிகம் வளையும் இடத்தைக் கண்டுபிடித்து, அதை விட்டுவிட்டு மற்ற இடத்தைச் சீவுங்கள். எல்லா இடமும் சரியாக வளைந்தும் எண் குறைந்தால் அந்த மரத்தால் முடிந்தது அவ்வளவுதான். 40-க்கு ஆசைப்படாமல் 36-ல் முடியுங்கள். நசுங்காத 36 பவுண்டு வில், நசுங்கிய 40-ஐ வேகத்தில் முந்தும்.

மூன்று விரலால், அம்புக்கு மேல் ஒன்றும் கீழ் இரண்டுமாகப் பிடிப்பவர்களுக்குக் கீழ்த்தண்டு சற்று விறைப்பாக இருக்க வேண்டும். நாண் ஏற்றிய வில்லில் கைப்பிடி முடியும் இடத்திலிருந்து நாணுக்கு அளந்தால், மேலே 3 முதல் 5 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும்.

7. நாணும் அம்பும்

நாணின் எடையில் மூன்றில் ஒரு பங்கை அம்போடு சேர்ந்த சுமை என்று கணக்கு வைக்கலாம். மூன்று கிராம் நாண் இளைத்தால் அம்பு ஒரு கிராம் இளைத்த பலன். 40 பவுண்டுக்கு டேக்ரான் பி-50 நூல் 12 இழை போதும். பயத்தில் 18 இழை போடுகிறவர்கள்தான் அதிகம். நீளாத வகை நூலில் இன்னும் மெலிதாக முடியும், ஆனால் நான்காம் படியில் சொன்ன நுனித்துண்டு இல்லாத வில்லில் அது காடியைப் பிளந்துவிடும். நாண் உயரம் ஐந்தரை முதல் 6 அங்குலம். குறைத்தால் வேகம் கொஞ்சம் கூடும், மணிக்கட்டில் அடியும் விழும்.

அம்பு, பவுண்டுக்கு 10 கிரெயின் என்ற கணக்கில் இருக்கட்டும். 40 பவுண்டுக்கு 400 கிரெயின், அதாவது 26 கிராம். வேகத்துக்கு ஆசைப்பட்டு 8-க்குக் கீழே போகாதீர்கள். அம்பே இல்லாமல் நாணை விடுவது வில்லை உடைக்க மிகச் சுலபமான வழி. பார்க்க வரும் நண்பர்கள் அதைத்தான் முதலில் செய்வார்கள்.

8. ரசீதும் அனுமதியும்

அடுத்த வில்லுக்கு மரம் தேடும்போது மரவாடியில் ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காட்டிலிருந்து ஒரு கிளை எடுத்தாலும் குற்றம். மூங்கில் விஷயத்தில் கொஞ்சம் சௌகரியம் உண்டு: 2017-ல் இந்திய வனச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, காட்டுக்கு வெளியே வளர்த்த மூங்கில் அந்தச் சட்டத்தில் மரமாகக் கருதப்படுவதில்லை. ஆனாலும் விற்றவரிடம் சர்வே எண்ணோடு ஒரு சீட்டு எழுதி வாங்கினால் வழியில் கேள்வி கேட்பவருக்குக் காட்டலாம். வாங்கும்போது பலகையின் விளிம்பில் ரேகை முனையிலிருந்து முனை வரை ஓடுகிறதா என்று பாருங்கள். நடுவில் ரேகை வெளியே ஓடிவிட்டால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

போட்டிக்கு என்றால் மரம் வாங்கும் முன்பே மாவட்ட வில்வித்தைச் சங்கத்தில் விதியைக் கேளுங்கள். இந்தியன் ரவுண்டு பிரிவு மூங்கில் வில்லுக்கானது, நீங்கள் செய்த ஆஷ் வில்லை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லலாம். விமானத்தில் கைப்பையில் வில், அம்பு இரண்டையும் விடமாட்டார்கள், செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும். காட்டோரச் சாலைகளில் கையில் வில்லோடு நிற்காதீர்கள்: 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேட்டை குற்றம், நீங்கள் பழகத்தான் வந்தீர்கள் என்று சோதனைச் சாவடியில் நிரூபிப்பது லேசல்ல.

9. பூச்சும் மழைக்காலமும்

எல்லாம் முடிந்து நூறு அம்பு எய்த பிறகே பூச்சு. 120, 220, 400 என்று உப்புத்தாள் போட்டு, பாலியூரித்தேன் மெல்லிய நான்கு பூச்சு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி. வேர்வை படும் கைப்பிடியையும் நாண் காடியின் உள்பக்கத்தையும் மறக்காதீர்கள். பூச்சு ஈரத்தைத் தாமதப்படுத்தும், தடுக்காது. எய்து முடித்ததும் நாணைக் கழற்றி, வெளிச்சுவரில் சாய்க்காமல் இரண்டு ஆணியில் கிடையாக மாட்டுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் அளந்தால் மூன்று நான்கு பவுண்டு குறைந்திருக்கும். அதைப் பார்த்து நாணைச் சுருக்கவோ மறுபடி சூடேற்றவோ வேண்டாம். வில்லை ஒரு வாரம் பெட்டியில் வைத்து, நோட்டில் உள்ள பழைய எடைக்கு வந்ததும் திரும்ப அளந்து பாருங்கள்.